நீல மாதத்தில் ஒரு சிவப்பு

போன வாரம் சாயக்காரர் வீட்டு மருமகளைக் குளத்துப் படியில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். மேல்படியில் மாமியார் "எறங்கு" என்கிறாள். மருமகள் "எறங்க மாட்டேன்" என்கிறாள். இரண்டு பேருக்கும் கீழே, இடுப்பளவு தண்ணீரில், அவள் புருஷன் எதுவும் கேட்காத மாதிரி துணி அலசிக்கொண்டிருக்கிறான். அந்த வீட்டு ஆண்களுக்குத் தண்ணீரில் நிற்கும்போது மட்டும் காது கேட்காது.

அவள் கடைசி வரை இறங்கவில்லை. படியெல்லாம் நத்தை ஒட்டியிருக்கிறது, அதில் இறங்கிவிட்டு வருகிற என் புருஷன் ராத்திரி முழுக்கக் காலைச் சொறிகிறார், எனக்கு வேண்டாம் இந்தக் குளம் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். மாமியார் அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அவள் காதில் விழும்படி சுவரோடு பேசிவருகிறாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாயக்காரர் வீடு தெருக்கோடியில். முன்னால் கடை, நடுவில் சாயத்தொட்டிகள், பின்னால் குளம். அவர் என்ன நிறம் போடுகிறாரோ அதுதான் அந்த மாதம் தெருவின் நிறம். சாக்கடை, கோழி, எதிர்வீட்டுக்காரரின் மீசை எல்லாம் மாறும். ஒரு பச்சை மாதத்தில் அங்கே ஒரு பூனை பச்சைக் குட்டிகள் போட்டது. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. சாயக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, "படிகாரம் பத்தல, சாயம் பிடிக்கல" என்றார்.

இன்னொரு முறை துணி திருட வந்தவன் மஞ்சள் தொட்டியில் விழுந்து, எழுந்து ஓடி, தன் மாமனார் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். தெரு முழுக்க மஞ்சள் காலடி. பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். சாயக்காரர் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தேய்ச்சுக் கழுவிப் பாத்தியா? போகுதா?"

"போகலைங்க."

"நல்லது, போயிட்டு வா."

தன் சாயம் நின்றுவிட்டது என்று தெரிந்தால் போதும், அவருக்கு எதிரியே கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால் யார் பயப்படுவார்கள்? யாரும் பயப்படவில்லை. அப்பா காலத்திலிருந்தே, தாத்தா காலத்திலிருந்தே, அதற்குப் பெயர் 'சாயம் இறங்குவது'. தொழில் ஆளை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். அன்றைக்கே அந்த ஆளின் உயரத்துக்கு அளந்து ஒரு துடுப்பு வெட்டுவார்கள், தொட்டியில் துணி புரட்டுகிற கட்டை. அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். மறுநாள் காலையில் அந்த ஆள் குளத்தில் இறங்கி, ஒரு பொதி முழுவதையும் தானே அலசி முடிக்க வேண்டும். துணி கரையேறும் முன்னால் ஆள் கரையேறக் கூடாது. நடுவில் அவசரம் வந்தால் அதையும் தண்ணீரிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். குளம் யாரிடமும் போய்ச் சொல்லாது என்பது அவர்கள் நம்பிக்கை.

சுவரில் உள்ள துடுப்புகளில் நீளமானது சாயக்காரரின் தம்பியுடையது. அந்த வீட்டிலேயே அதிக நேரம் தண்ணீரில் நின்ற மனுஷர் அவர். மீனே அவரைப் பார்த்து, போதும் கரையேறுங்கள் என்று சொல்லும் என்பார்கள். போன வருடம் இறந்துபோனார். கடைசியில் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. போனதெல்லாம் கெட்டிச் சிவப்பு. "சாயம் ஜாஸ்தியா எறங்கிடுச்சு" என்று சொல்லித்தான் அழுதார்கள்.

அந்தத் துடுப்பை இன்னும் யாரும் எடுக்கவில்லை. நாள்தோறும் துடைத்துவைக்கிறார்கள்.

இந்த வாரம் சின்னவள் முறை.

சாயக்காரருக்கு வயதான காலத்தில் பிறந்த கடைசிப் பெண் அவள். பள்ளிக்கூடம் விட்டால் அண்ணனோடு குளம். காலையில் பின்பக்கமிருந்து ஓடிவந்து நீலத்தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, எனக்கும் எறங்கிடுச்சு."

சாயக்காரர் முழங்கை வரை நீலமாக இருந்தார். பள்ளிச் சீருடை ஆர்டர். வீடே நீலத்தில் மூழ்கியிருந்தது.

"நெஜமாவா? உன் அண்ணன் பீட்ரூட்டைத் தின்னுட்டு வந்து துடுப்பு கேட்டவன். அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்."

"நெஜமாப்பா. மொதல்ல சும்மாதான் போச்சு. கடைசியில நல்ல சிவப்பு."

"எரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"எரியும். புதுச் சாயம் அப்படித்தான்." அவர் சிரித்தார். சிரித்தவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "அந்தக் கட்டையை எடு, உன்னை அளப்போம்" என்றார்.

மாமியார் ஒரு கரண்டிச் சர்க்கரையோடு வந்து மகளின் வாயில் போட்டாள். புருஷனிடம் டீயை நீட்டினாள்.

"வேணாம். வயிறு நெறைஞ்சிருக்கு."

"என்னத்தைத் தின்னு நெறைஞ்சுது? நேத்து ராத்திரியும் தட்டை அப்படியே வச்சீங்க."

"பொண்ணுக்கு எறங்கியிருக்கு. அந்த சந்தோஷத்துல நெறைஞ்சிருக்கு, போயேன்."

மருமகள் கொடியில் நீலச் சட்டைத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். அவள் சாயம் தெரியாத குடும்பத்திலிருந்து வந்தவள். அப்பா பஸ் மெக்கானிக். எது எங்கேயிருந்து ஒழுகுகிறது என்று தேடுகிற வீட்டில் வளர்ந்தவள். உதறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மாமா, நாம கடைசியா சிவப்பு போட்டது எப்ப?"

"சிவப்பா? ஆர்டர் வந்ததிலேர்ந்து நீலம்தானேம்மா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி பச்சை."

"அப்ப சின்னவளுக்கு நீலமாதானே போயிருக்கணும். இல்லைன்னா பச்சையா."

அவள் புருஷன் முதலில் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சாயக்காரரிடம் எதற்கும் பதில் இருக்கும். "சிவப்பு கனமான சாயம். உடம்புக்குள்ள தங்கிடும். நீலமும் பச்சையும் லேசு, வேர்வையிலேயே போயிடும்."

"அவ சிவப்புத் தொட்டியைத் தொட்டதே இல்லையே மாமா."

மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "குளத்துல கால் வைக்க மாட்டாங்களாம். ஆனா அடுத்தவ ஒண்ணுக்குப் போறதை மட்டும் உக்காந்து ஆராய்ச்சி பண்ணுவாங்களாம்."

"பஸ்ஸுக்கு அடியில சிவப்பா ஒழுகினா எங்கப்பா சர்க்கரை குடுக்க மாட்டார் அத்தை. படுத்துப் பாப்பார்."

"எம்பொண்ணு பஸ் இல்ல" என்று மாமியார் சுவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

சின்னவள் அண்ணியின் கையைப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்தாள். "அண்ணி, நாளைக்கு நான் எறங்கணும். கெடுத்துடாதீங்க."

"கெடுக்கல. எனக்கு ஒரு பாட்டில் மட்டும் குடு. ஜாம் பாட்டில்ல."

"எதுக்கு?"

"நல்ல சிவப்பான்னு பாக்க வேணாமா?"

தன் சாயத்தைக் காட்டப் பெருமை இல்லாத ஆள் அந்த வீட்டில் பிறந்ததில்லை. கொடுத்தாள்.

தெருமுனைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் பாட்டிலைப் பார்த்தாள், சின்னவளின் நீல நகங்களைப் பார்த்தாள். "சாயக்காரர் வீடா? வாங்க, வாங்க. ரெண்டு வருஷமா உங்க கதவைத் தட்டுறேன். ஒவ்வொரு தடவையும் உங்க மாமா என் கைக்குட்டையை வாங்கி ஒரு முக்கு முக்கிக் குடுத்து அனுப்பிடுவார்." மேசை இழுப்பறையைத் திறந்தாள். மஞ்சள், பச்சை, ஊதா என்று கைக்குட்டைகள் மடித்து இருந்தன. "ஒண்ணுகூட வெளுக்கல. அதைச் சொல்லியாகணும்."

ஒரு காகிதப் பட்டையைப் பாட்டிலில் நனைத்தாள். நிறம் மாறியது. நர்ஸ் முகமும் மாறியது. கொஞ்சத்தை வடிகட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"என்ன தெரியுது?"

"வெள்ளரி விதை மாதிரி. ஒரு நுனியில முள்ளு இருக்கு."

"முட்டை அது. புழு முட்டை. அந்த முள்ளு உள்ளே கிழிக்குது. இது சாயம் இல்ல பாப்பா, ரத்தம்."

சின்னவள் கண்ணை எடுக்கவில்லை. "எவ்ளோ இருக்கு" என்றாள், மெதுவாக.

மருமகள் கேட்டாள்: "எங்கேர்ந்து வருது?"

"உங்க குளத்துலேர்ந்து. படியில இருக்கே நத்தை, புழு அதுக்குள்ளதான் வளருது. அங்கேர்ந்து தண்ணிக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணியில நிக்கிறவங்க தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போகும். கால் அரிக்கும், அவ்வளவுதான் தெரியும். உள்ளே வளந்து முட்டை போடும். அந்த முட்டை எப்படி வெளியே வருதுன்னு பாத்துட்டீங்க. அது மறுபடி குளத்துல விழுந்தா மறுபடி நத்தைக்குப் போகும்." நர்ஸ் நிமிர்ந்தாள். "உங்க வீட்ல யாரும் தண்ணியில நின்னுக்கிட்டே போறதில்லையே?"

அண்ணியும் சின்னவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

நர்ஸ் அளவுக் கோடு போட்ட கம்பு ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, சின்னவளை அதில் சாய்ந்து நிற்கச் சொன்னாள். உயரத்துக்குத் தகுந்தபடி மாத்திரை. ஒரே நாளில் இரண்டு இடத்தில் அவளை அளந்தாயிற்று.

"இது கேக்கும். ஆனா மறுபடி எறங்கினா மறுபடி வரும். மாத்திரை தரையைத் துடைக்கிற மாதிரி. குழாய் தெறந்தே இருந்தா எவ்வளவு நேரம் துடைப்பீங்க?"

மெக்கானிக் மகளுக்கு அது புரிந்தது. "துணி அலசணுமே. அதுக்கு என்ன பண்றது?"

"கரையில நின்னு வாளியில மொண்டு தொட்டியில ஊத்துங்க, ரெண்டு நாள் மூடி வச்சுட்டு அதுல அலசுங்க. நத்தை மட்டும் உள்ளே வரக் கூடாது. தண்ணியில நீந்துற புழு ரெண்டு நாளுக்கு மேல உயிரோட இருக்காது." ஆளுக்கு ஒரு சின்ன பாட்டிலாக ஒரு பை நிறையக் கொடுத்தாள். "எல்லார்கிட்டயும் வாங்கிட்டு வாங்க. முக்கியமா பெரியவங்க. வருஷக்கணக்கா ஊறினவங்களுக்கு உள்ளே மூத்திரப்பை தடிச்சுப் போயிருக்கும், ரத்தம் கட்டி அடைக்கும். சிவப்பா போறவங்களை நாளைக்குக் கூட்டிட்டு வரலாம். ஒண்ணுக்கே போகாம நின்னுடுச்சுன்னா நாளைக்குன்னு சொல்லாதீங்க. அன்னைக்கே, அந்த நிமிஷமே, பெரிய ஆஸ்பத்திரி."

வீடு திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. புதுத் துடுப்பு இழைத்து, ஆணியில் மாட்டியாகியிருந்தது. தம்பியின் துடுப்புக்குப் பக்கத்தில்.

மருமகள் சொன்னதைச் சாயக்காரர் நின்றபடியே கேட்டார். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"காகிதம் நெறம் மாறிச்சாம், அதனால நோயாம். என் தொட்டியில முக்கினா எல்லாக் காகிதமும்தான் நெறம் மாறும். அந்த நர்ஸம்மா நல்ல பொண்ணுதான், அதுக்காக? நாளைக்குச் சின்னவ எறங்குவா."

"சரி மாமா." மருமகள் ஜாம் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் படிகாரத்தில் ஊறிய வெள்ளைத்துணி ஒரு துண்டு. "சாயம்தானே? போட்டுக் காட்டுங்க."

"என்னது?"

"உங்க சிவப்புன்னா துணியில பிடிக்கும். அலசினா போகாது. அந்தத் திருடன் கால் மாதிரி."

மாமியார் சுவரை விட்டுவிட்டு நேராகவே மருமகளைப் பார்த்தாள். சாயக்காரர் பாட்டிலைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் யார் என்ன கொண்டுவந்து கொடுத்தாலும் சாயம் போட முடியாது என்று சொன்னதில்லை.

செய்தார். மரியாதையாகச் செய்தார். துணியை விரித்து, மடிப்பில்லாமல் முக்கி, ஊறவிட்டு, பிழியாமல் வடியவிட்டு, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டார். துணி இளஞ்சிவப்பாக இருந்தது.

"பாத்தியா" என்றாள் மாமியார்.

எல்லோரும் ஒரு கைக்குட்டையளவு துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஓரம் மாறியது. பிறகு நடு. சிவப்பு எங்கேயோ உள்ளே போய்விட்டது, அந்த இடத்தில் துரு மாதிரி ஒன்று வந்தது.

சாயக்காரர் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்தே நிறத்தைச் சொல்லிவிடுவார் என்று தெருவில் பேச்சு உண்டு. அவர் சொல்லவில்லை. குழாய்த்தண்ணீரில் துணியை அலசினார். மறுபடி அலசினார். பாதி போய்விட்டது. மீதி, விளிம்பு விளிம்பாகப் பழுப்புக் கறையாக நின்றது.

அந்தக் கறையை அவர் முன்பே பார்த்திருந்தார். தம்பி படுத்திருந்த விரிப்பில். அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே துவைத்தார். எந்த நிறமும் தன் கையை இப்படி ஏமாற்றியதில்லையே என்று அன்றைக்கே நினைத்தார். தண்ணீரில் இரும்பு இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கடையில் யாராவது சாயம் போன துணியோடு சண்டைக்கு வந்தால், விரித்துப் பார்த்துவிட்டு அவர் ஒரு வாக்கியம் சொல்வார். அதையே இப்போதும் சொன்னார். குரல்தான் அந்தக் குரலாக இல்லை.

"இது நான் போட்டது இல்ல."

பிறகு சுவருக்குப் போய்ப் புதுத் துடுப்பை ஆணியிலிருந்து எடுத்தார்.

சின்னவள் துடுப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அது என்னோடது."

"உன்னோடதுதான். தொட்டிக்கு வச்சுக்கோ. குளத்துக்கு வேணாம்."

"அண்ணன் மட்டும் எறங்குறான்."

"அவனும் வேணாம். இனிமே யாரும் வேணாம்."

"அப்ப யூனிஃபார்ம்?" என்றான் மகன்.

"பசங்க பழைய சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகட்டும். படிப்பு ஏறாதா என்ன?"

சின்னவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே விழுங்கிவிட்டு, கசப்பாக இருக்கிறது, காலையில் கொடுத்த சர்க்கரையை இப்போது கொடுங்கள் என்றாள்.

மருமகள் பாட்டில்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொருவராகப் போய்விட்டு வந்தார்கள். ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்றன: மகனுடையது கலங்கிய சிவப்பு. மாமியாருடையது லேசாக, கேட்டால் ஒப்புக்கொள்ளாத அளவுக்கு. மருமகளுடையது தெளிவு. மாமியார் அந்தத் தெளிந்த பாட்டிலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு வாரத்துக்கு அப்புறம் முதல்முறையாக, சுவர் துணையில்லாமல், "சாப்பிட வா" என்றாள்.

கடைசிப் பாட்டில் காலியாக இருந்தது.

"அப்பா வெக்கப்படறார்" என்றாள் சின்னவள். "நானே குடுத்துட்டேன்பா."

"பெரிய மனுஷங்க அப்படித்தான்" என்று மாமியார் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

மருமகள் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். சாயக்காரர் நீலத்தொட்டியைப் பிடித்தபடி நின்றார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

"மாமா, இப்ப முடியலைன்னா காலையில குடுங்க. பரவாயில்ல."

"குடுக்கக் கூடாதுன்னு இல்லம்மா."

"கூச்சமா இருந்தா நான் வெளியே போயிடறேன்."

"இல்லம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "நேத்துலேர்ந்து வரல."

"சிவப்பாவா?"

"எதுவுமே வரல. ஒரு சொட்டுகூட."

அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் தன் சட்டையில் ஒரு துளி சாயம் பட விட்டதில்லை அந்த மனுஷர். இப்போது வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தன. அவர் குனிந்து பார்க்கவில்லை. அப்படியே தொட்டியோரமாகச் சரிந்து உட்கார்ந்தார்.

மருமகள் கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்தது. "என்னங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அவன் உள்ளே இல்லை. "என்னங்க, வண்டி எடுங்க" என்று கத்திக்கொண்டே பின்கதவைத் திறந்தாள்.

அவன் குளத்தில் நின்றான். மதியமே நனையப்போட்ட பொதி ஒன்று தண்ணீரில் கிடந்தது. அதை மட்டும் அலசி எடுத்துவிடலாம், அதோடு சரி, என்று இடுப்பளவு இறங்கியிருந்தான். தண்ணீர் இருண்டுகொண்டிருந்தது. படியில் நத்தைகள் மேலேறிக்கொண்டிருந்தன. அவள் மறுபடி கத்தினாள்.

அவன் திரும்பவில்லை. அந்த வீட்டு ஆண்களின் காதைப் பற்றித்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டோமே.

மருமகள் செருப்போடு, நத்தைகளை மிதித்துக்கொண்டு, படியில் இறங்கத் தொடங்கினாள்.